யாரும் கூப்பிடாத பெயர்

நியூயார்க்
ஜனவரி 11, 1998

அன்புள்ள கருப்பி,

இதைத் தபாலில் போடவில்லை. ஊருக்குப் புறப்படும் நெல்சா கையில் கொடுத்தனுப்புகிறேன். அவள் வாய் பெரிசு, ஆனால் படிக்கத் தெரியாது. நீ படித்ததும் அடுப்பில் போட்டுவிடு.

விசா மனுவுக்குப் பதில் வந்துவிட்டது! பதினோரு வருஷம் கழித்து, நான் செத்துப்போவதற்கு முன்னால், வந்தேவிட்டது. ஜூலை பதினாலாம் தேதி சாந்தோ தொமிங்கோ தூதரகத்தில் உனக்கும் எலீஹியோவுக்கும் நேர்காணல். கடிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டுக் குளியலறையில் உட்கார்ந்து அழுதேன். பிறகு வேலைக்குப் போனேன். இங்கே அழுததற்கு விடுப்பு கிடையாது.

நீ மறந்திருக்க மாட்டாய், ஆனாலும் ஒரு தடவை எழுதிவிடுகிறேன், பரீட்சைக்கு முன்னால் பாடம் ஒப்பிப்பதுபோல. காகிதத்தில் நான் எர்மீனியா, நீ பிலோமேனா. எர்மீனியா அமெரிக்கப் பிரஜை, தன் அக்கா பிலோமேனாவைக் கூப்பிடுகிறாள். அக்காவோடு அவள் மகன் எலீஹியோவும் வரலாம், இருபத்தொரு வயது முடியாதிருந்தால். அவனுக்கு இருபத்தொன்று செப்டம்பர் பதினாலாம் தேதி. அதற்குள் அவன் இங்கே வந்து இறங்கியிருக்க வேண்டும். ஒரு நாள் தாண்டினாலும் கதவு மூடிவிடும்.

அவன் தனியாக வர முடியாது. நீ வந்தால்தான் அவன் வர முடியும்.

பெற்றவள் நான், காகிதப்படி அவனுக்குச் சித்தி. உன்னைவிட ஐந்து வயது மூத்தவள், காகிதப்படி உன் தங்கை. அம்மா இருந்திருந்தால் வயிறு குலுங்கச் சிரித்திருப்பாள்.

கப்பலில் அனுப்பும் பீப்பாயில் அரிசி, எண்ணெய், டின் மீன், அவனுக்கு இரண்டு ஜீன்ஸ் வைத்திருக்கிறேன். அளவு தெரியாமல்தான் வாங்கினேன். இடுப்பு எவ்வளவு என்று அளந்து எழுது.

சிவப்பி

---

தெனாரெஸ்
பிப்ரவரி 2, 1998

அக்கா,

கடிதம் கிடைத்தது. எரிக்கவில்லை. காஸ் அடுப்பில் காகிதம் எரித்தால் பர்னர் அடைத்துக்கொள்ளும். சமைத்துப் பல வருஷமான உனக்கு அது மறந்திருக்கும்.

எழுத உட்காரும்போதெல்லாம் யாராவது ஈரத்தலையோடு வந்துவிடுகிறார்கள். நேற்று நான்கு பேர் தலையில் ரோலர் சுற்றி டிரையரில் உட்கார வைத்தேன், கரண்ட் போய்விட்டது. நான்கு பேரும் ரோலரோடு வாசலில் உட்கார்ந்து அரசாங்கத்தைத் திட்டினார்கள். சாயந்தரம் வரை கரண்ட் வரவில்லை. அப்படியே வீட்டுக்குப் போனார்கள். இதுதான் என் தொழில். இதை விட்டுவிட்டு வா என்கிறாய்.

நான் வரவில்லை.

பதினெட்டு வருஷமாக உனக்கு நான் ஒரு புகாரும் எழுதியதில்லை. இன்றைக்கு எழுதுகிறேன், ஏனென்றால் களைத்துப்போய்விட்டேன். உன் பெயருக்குத் தூதரகத்தில் மறுப்பு முத்திரை விழுந்த அன்றைக்கு, அம்மா என் பிறப்புச் சான்றிதழைப் பெட்டியிலிருந்து எடுத்து உன் கையில் கொடுத்தாள். நான் வாயைத் திறந்தேன். அவள் சொன்னது நினைவிருக்கிறதா? "பேருங்கறது காகிதத்துக்குத்தான்டி. உன்னை இந்த ஊர்ல எவ எர்மீனியான்னு கூப்பிடறா? கருப்பி கருப்பியாத்தான இருக்கப்போற?"

எனக்கும் அது சரியென்றே பட்டது. நம் ஊரில் யாருக்குத்தான் யாருடைய நிஜப்பெயர் தெரியும்? செத்தால் சாவு அறிவிப்பில் பார்த்து, "அட, பன்றிக்காதன் பேரு அப்போலினாரா?" என்று ஆச்சரியப்படுகிற ஜனம். பதினெட்டு வயதில் கழற்றிக் கொடுத்துவிட்டேன்.

பிறகுதான் தெரிந்தது, அந்தப் பெயர் இன்னோர் இடத்திலும் இருக்கிறது என்று. என் பள்ளி இறுதிச் சான்றிதழில். மலைப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை வேலை காலி என்று போய் நின்றேன். உன் சான்றிதழை வைத்து நான் எடுத்த அடையாள அட்டையில் பிலோமேனா, பள்ளிச் சான்றிதழில் எர்மீனியா.

"யாரும்மா இந்த எர்மீனியா?"

"என் தங்கச்சி."

"நல்லா படிச்சிருக்காங்க. அவங்களை வரச் சொல்லுங்க, வேலை தரோம்."

அந்த ஆள் நல்லவன். நிஜமாகவே சொன்னான். நான் வீட்டுக்கு வந்து நெல்சாவின் அம்மாவுக்குத் தலை கோதிவிட்டேன். அன்று தொடங்கியது இந்த ரோலர்.

அதனால் இனிமேல் நான் எதையும் கழற்றிக் கொடுப்பதாக இல்லை. உன் பையன் நல்லபடியாக இருக்கிறான். மோட்டார்சைக்கிளில் காசுக்கு ஆள் ஏற்றுகிறான். இடுப்பு முப்பத்திரண்டு.

கருப்பி

---

நியூயார்க்
பிப்ரவரி 27, 1998

கருப்பி,

இன்று நம் நாட்டுச் சுதந்திர தினம். எதிர்வீட்டு ஜன்னலில் நம் கொடி தொங்குகிறது. கீழே ஒருவன் காரின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு மெரெங்கே பாட்டுப் போட்டுத் தெருவையே உலுக்குகிறான். எனக்குத் தலை வலிக்கிறது.

வேலை போன கதையை ஏன் இவ்வளவு வருஷம் சொல்லவில்லை? சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று கேட்பாய். ஒன்றும் செய்திருக்க முடியாதுதான். ஆனாலும் தெரிந்திருக்கும் அல்லவா? கடன்பட்டவளுக்குக் கடன் எவ்வளவு என்றாவது தெரிய வேண்டாமா?

எனக்கு மட்டும் உன் பெயர் பட்டுச்சேலை என்றா நினைக்கிறாய்? எர்மீனியாவுக்குக் குழந்தை கிடையாது. எல்லாப் படிவத்திலும் 'குழந்தைகள்: இல்லை' என்று என் கையாலேயே எழுதியிருக்கிறேன். காகிதத்துக்காகக் கட்டிக்கொண்ட அந்த மனிதனிடமும் சொல்லவில்லை. இங்கே பெண்கள் பர்ஸைத் திறந்து பிள்ளைகள் படத்தைக் காட்டும்போது நான் கைகழுவப் போய்விடுவேன். அவனுக்கு மூன்று வயதில் விட்டுவிட்டு வந்தேன். அம்மாவை அடக்கம் பண்ண வந்தபோது அவனுக்குப் பதினாலு. உன் பின்னால் ஒளிந்து நின்று, "வாங்க பெரியம்மா" என்றான்.

நீ அவனை உன் பையனாகவே ஆக்கிக்கொண்டாய். எழுதிவிட்டேன். இனி அடித்தெழுத முடியாது, எடுத்துக்கொள்.

ஆறே மாதம். வந்து, அவன் காலூன்றியதும், திரும்பிப் போய்விடு. எனக்கு நாற்பத்தொன்று ஆகிறது. ஒரு தடவையாவது அவன் சாப்பிட்ட தட்டை நான் கழுவ வேண்டும்.

சிவப்பி

---

தெனாரெஸ்
ஏப்ரல் 10, பெரிய வெள்ளி

அக்கா,

தெருவெல்லாம் இனிப்பு அவரைப் பாயசம் கிண்டுகிறார்கள். ஆளாளுக்கு ஒரு கிண்ணம் கொண்டுவந்து கொடுக்கிறார்கள், நானும் ஆளாளுக்கு ஒரு கிண்ணம் கொடுக்கிறேன். எல்லோர் வீட்டிலும் எல்லோருடைய பாயசமும் இருக்கிறது.

நான் அவனை என் பையனாக ஆக்கிக்கொள்ளவில்லை. காய்ச்சல் வந்தபோது பக்கத்தில் நான் இருந்தேன், அவ்வளவுதான். அந்த ஒரு வரிக்காக உன்னோடு ஒரு வருஷம் பேசாமல் இருந்திருப்பேன். நேரமில்லை.

எலீஹியோவிடம் கேட்டேன். "போலாமா?"

"நீ வந்தா போலாம்."

"அங்க உன் பெரியம்மா இருக்கா."

"பெரியம்மாவா, அம்மாவா? ஏம்மா இன்னும் என்கிட்ட ஒளிக்கிறே? பத்து வயசுலயே தெரு பூரா சொல்லிடுச்சு."

சிரித்துக்கொண்டே சொன்னான். நான் சிரிக்கவில்லை. பெற்றவளைப் பார்க்க ஒருத்தனுக்கு உரிமை உண்டு, நான் யார் குறுக்கே நிற்க? வருகிறேன். உனக்காக இல்லை.

மாதம் ஆறு. ஏழாவது மாதம் என்று பேச்செடுத்தால் நடந்தாவது திரும்பி வந்துவிடுவேன்.

கருப்பி

---

தெனாரெஸ்
ஜூலை 17, 1998

அக்கா,

தொலைபேசியில் நான் சொன்னது பாதிதான். பின்னால் வரிசை நின்றது, காது கொடுத்து. மீதியை எழுதுகிறேன்.

வெயிலில் மூன்று மணி நேரம் வரிசை. என் தலைக்கு நானே ரோலர் சுற்றி, நீ அனுப்பிய நீலச் சட்டை போட்டுக்கொண்டு போயிருந்தேன். அவனும் இஸ்திரி போட்டுப் பெரிய மனுஷன்போல வந்தான். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரு அதிகாரி, சின்னப் பையன், மூக்குக்கண்ணாடி போட்டவன், நம் பாஷையைக் கல்லுக் கல்லாகப் பேசுகிறான்.

"இவர் உங்கள் மகனா?"

"ஆமா சார்."

"எங்கே பிறந்தார்?"

"வீட்டுலதான். மருத்துவச்சி வந்தா. காலைல, நல்ல மழை. ஒன்பது மணி நேரம் வலி. கால் முதல்ல வந்துச்சு."

ஒரு வார்த்தை பொய் இல்லை. எனக்குப் பதினைந்து வயது, வெந்நீர் கொண்டுவந்தது நான். நீ கத்தினதை நான்தான் கேட்டேன். அதையெல்லாம் என் கத்தலாகச் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே வயிற்றில் வலித்தது.

அவன் என்னைப் பார்த்தான், எலீஹியோவைப் பார்த்தான், மறுபடி என்னைப் பார்த்தான். எதைப் பார்க்கிறான் என்று புரிந்துவிட்டது. எலீஹியோ உன் நிறம். பச்சைக் கண் வேறு.

"இவர் வெள்ளையாக இருக்கிறாரே?"

"இந்த நாட்டுல அப்படித்தான் சார். ஒரே வயித்துல காப்பியும் வரும், பாலும் வரும்."

அதிகாரி சிரிக்கவில்லை. என் அடையாள அட்டையை எடுத்துப் பார்த்தான். அதில் நிறம்: இந்தியன் என்று இருக்கிறது. எலீஹியோ அட்டையிலும் அதேதான். கரியாக இருந்தாலும் சுண்ணாம்பாக இருந்தாலும் நம் அலுவலகத்தில் எல்லோருக்கும் 'இந்தியன்'தான். இந்தத் தீவின் பழங்குடி இந்தியர்கள் செத்து மண்ணாகி எத்தனை நூறு வருஷம் ஆயிற்றோ. கருப்பு என்று எழுத நம் ஆட்களுக்குக் கை வராது. நம் மரியாதை அந்த அதிகாரிக்குப் புரியவில்லை.

என்னைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு எலீஹியோவைத் தனியாகக் கூப்பிட்டான். எனக்குக் கேட்டது.

"உண்மையைச் சொல்லுங்கள். இவர் உங்கள் அம்மாவா?"

"ஆமா. பின்ன வேற யாரு?"

முட்டாளுக்குப் பதில் சொல்வதுபோலச் சொன்னான், அக்கா. ஒரு நொடி யோசிக்கவில்லை. பொய் சொல்கிறவன் முகமே இல்லை அது. சந்தோஷப்பட்டேன், உடனே உன்னை நினைத்தேன், சந்தோஷப்பட்டதற்கு வெட்கப்பட்டேன்.

அதிகாரி ஒரு மஞ்சள் காகிதம் கொடுத்தான். தாய்க்கும் மகனுக்கும் ரத்தப் பரிசோதனை. பொருந்தினால் விசா. பொருந்தாவிட்டால் வாழ்நாள் முழுக்க என் பெயரில், அதாவது உன் பெயரில், கறுப்புக் குறி.

வெளியே வந்து ஒரு மரத்தடியில் நின்றோம். அவன் கேட்டான்: "ரத்தம் குத்திப் பாத்தா என்ன வரும்?"

"சித்தின்னு வரும்."

"அப்ப, நீ என் அம்மா இல்லன்னு எழுதிக் கையில குடுப்பாங்களா? அந்தக் காகிதம் எனக்கு வேணாம்மா. எந்த ஊரும் வேணாம்." மஞ்சள் காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். கொஞ்ச தூரம் நடந்தபிறகு, "அடுத்த தெரு மிரெயா மாசமா இருக்கா. ஆறு மாசம். சொல்லணும்னுதான் இருந்தேன்" என்றான்.

என்ன செய்யலாம் சொல்லு. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

கருப்பி

---

நியூயார்க்
ஆகஸ்ட் 9, 1998

கருப்பி,

வழக்கறிஞரிடம் போனேன். நம் நாட்டுக்காரர்தான், சான்டியாகோ ஆள். கதவைச் சாத்தச் சொல்லி எல்லாவற்றையும் சொன்னேன். பதினெட்டு வருஷத்தில் முதல் ஆளாக அவருக்குத்தான் தெரியும்.

"என் ரத்தத்தைக் குடுக்கறேன் சார். அது பொருந்தும்."

"பொருந்தும்மா. அவன் உங்க புள்ளைன்னு அந்த ரத்தம் சொல்லும். நீங்க எர்மீனியா இல்லன்னும் அதே ரத்தம்தான் சொல்லும். குடியுரிமை போகும், உங்களை விமானம் ஏத்திடுவாங்க."

"ஏத்தட்டும். பையன் வந்தாப் போதும்."

"நீங்க கூப்பிட்டதாலதான அவன் வரான்? நீங்களே இல்லன்னா அவனைக் கூப்பிட்டது யாரு?"

அவர் கட்டணம் வாங்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள். காப்பி, பால் என்று அந்த அதிகாரியிடம் ஏன் வாயாடினாய்? எலீஹியோவின் அப்பா வெள்ளை என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாயை மூடியிருக்கக் கூடாதா? மிரெயா விஷயம் உனக்கு முன்பே தெரியாது என்கிறாய். ஆறு மாத வயிறு, அடுத்த தெருப் பெண், உன்னிடமே ரோலர் சுற்றிக்கொள்ள வருகிறவள். தெரியாது என்கிறாய்.

உனக்கு அவன் போக வேண்டாம். சொல்லிவிடேன். உனக்கு எப்போதுமே அவன் போக வேண்டாம்.

சிவப்பி

---

தெனாரெஸ்
நவம்பர் 9, 1998

அக்கா,

மூன்று மாதம் பதில் போடவில்லை. முதலில் கோபம். பிறகு புயல். கூரையில் பாதித் தகரம் அடுத்தவன் கோக்கோ தோட்டத்தில் கிடந்தது, டிரையர் இரண்டும் நனைந்து போயின. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நீ தொலைபேசியில் அழுததாக நெல்சா சொன்னாள். கோபம் அன்றைக்கே போய்விட்டது, எழுதத்தான் தெம்பில்லை.

நீ கேட்டதற்குப் பதில். ஆமாம், எனக்கு அவன் போக வேண்டாம். ஆனாலும் நான் கெடுக்கவில்லை. இரண்டும் உண்மை. மிரெயா தளர்ந்த சட்டை போட ஆரம்பித்தபோது எனக்குச் சந்தேகம் வந்தது, கேட்கவில்லை. கேட்டிருந்தால் தெரிந்திருக்கும், தெரிந்தால் உனக்கு எழுத வேண்டியிருக்கும். அந்தத் தப்பு என்னுடையது.

ரத்தம் கொடுக்க நாங்கள் போகவில்லை. செப்டம்பர் பதினாலாம் தேதி, அவன் பிறந்தநாளுக்கு, கோழிச் சோறு ஆக்கினேன். இரண்டு தட்டு சாப்பிட்டான். "நல்லாருக்கும்மா" என்று சொல்லிவிட்டு மோட்டார்சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான். கதவு மூடுகிற சத்தம்கூடக் கேட்கவில்லை. நான்தான் அவன் தட்டைக் கழுவினேன். கழுவும்போது நீ எழுதியது நினைவுக்கு வந்தது.

அக்டோபர் இருபத்தைந்தாம் தேதி பெண் குழந்தை பிறந்தது. தாயும் சேயும் சுகம். போன வாரம் பதிவு அலுவலகத்துக்கு நானும் போனேன். எழுத்தர் குழந்தைக்கு என்ன பெயர் என்று கேட்டதும் எலீஹியோ, "எர்மீனியா" என்றான்.

"டேய், என்னடா இது?"

"உன் பேர்தானம்மா அது? உனக்குத் திருப்பிக் குடுத்த மாதிரி இருக்கும்."

நான் சொன்னேன்: "அது பழைய செருப்புடா. ஒருத்தி போட்டுத் தேஞ்சு போச்சு, பாவம், இன்னும் போட்டுக்கிட்டிருக்கா. புள்ளைக்குப் புதுசா வாங்கிக் குடு."

நோரா என்று எழுதினோம். எழுத்தர் வழக்கம்போல, "வீட்டுல கூப்பிடற பேரு?" என்று சிரித்தார். "அதேதான்" என்றேன். தெருவில் சொல்லி வைத்துவிட்டேன், யாராவது அந்தக் குழந்தைக்குப் பட்டப்பெயர் வைத்தால் என் வீட்டில் ரோலர் சுற்ற வரக் கூடாது என்று. கருப்பி, குட்டி, பூனைக்கண்ணி, ஒன்றும் கூடாது. அவள் பெயரைத் தினமும் பத்துப் பேர் கூப்பிட வேண்டும். அப்போதுதான் அது தன்னுடையது என்று அவளுக்குத் தெரியும், யார் கேட்டாலும் கொடுக்க மாட்டாள்.

படிவத்தில் அப்பாவைப் பெற்றவள் பெயர் கேட்டார்கள். பிலோமேனா பெரால்தா என்று எழுதினான். அது நீயா நானா என்று கேட்காதே. எழுதினபடி அது உன் பெயர். நீ வைத்துக்கொள்.

இதோடு நோரா படம் வைத்திருக்கிறேன். கண்ணைப் பார்.

கருப்பி

---

நியூயார்க்
டிசம்பர் 6, 1998

என் கருப்பி,

ஆகஸ்டில் எழுதியதற்கு மன்னிப்புக் கேட்க நாலு தடவை உட்கார்ந்தேன். நாலு தடவையும் பீப்பாயில் சாமான் அடுக்கப் போய்விட்டேன். இந்தத் தடவை டிரையர் ஒன்று வைத்திருக்கிறேன், துணிகளுக்கு நடுவில், உடையாமல். அதை மன்னிப்பாக எடுத்துக்கொள்.

ஈஸ்டருக்கு வருகிறேன். இரண்டு வாரம். அவன் பெரியம்மா என்றே கூப்பிடட்டும், திருத்தாதே. நோராவுக்கு நான் யார் என்று அவனே முடிவு செய்யட்டும்.

படம் வந்த அன்றைக்கு அதை வேலைக்கு எடுத்துப் போனேன். சாயந்தரம் எட்டாவது மாடியில் குப்பையெல்லாம் அள்ளி முடித்துவிட்டு, அலுவலகக்காரர்கள் காப்பி குடிக்கிற அறையில் உட்கார்ந்தோம். மாரிட்சா என்று போர்ட்டோரிக்கோக்காரி, என்னோடு பன்னிரண்டு வருஷமாக வேலை பார்க்கிறவள். அவள் எப்போதும்போலப் பர்ஸைத் திறந்து பேரன் படத்தைக் காட்டினாள். நான் கைகழுவப் போகவில்லை. நானும் பர்ஸைத் திறந்தேன்.

"யாரு இது? அழகா இருக்காளே!"

"என் பேத்தி."

"அக்கா பேத்தின்னு சொல்லு."

"இல்ல. என் பேத்தி. எனக்கு ஒரு பையன் இருக்கான் மாரிட்சா. இருபத்தொரு வயசு. பேரு எலீஹியோ."

சொல்லிவிட்டேன், கருப்பி. இந்த ஊரில், வாய்விட்டு. இனி என்ன ஆனாலும் ஆகட்டும் என்று இருந்தது.

அவள் என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். அப்புறம் விழுந்து விழுந்து சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வருகிறவரை சிரித்தாள்.

"யாருகிட்ட கதை விடறே, எர்மீனியா? உன்னைப் பத்தி எனக்குத் தெரியாதா? ஒரு புள்ள பெத்தவ மாதிரியா நீ இருக்கே!"

உன் அக்கா